நெல்லின் ஈரம் அளக்கும் கவிற்றி: மூடியில் ஓடும் மின்னோட்டம்

ஒலுவிலில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் சம்மாந்துறைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். நெல்லின் ஈரப்பதத்தை நுண்ணலையால் அளக்க 2.45 கிகாஹேர்ட்ஸ் பரிவுக்குழி ஒன்று, அதாவது அந்த அலை உள்ளே பரிவுறும் உலோக உருளை ஒன்று, செய்திருக்கிறார்கள். அலுமினியம். உள்விட்டம் 93.7 மில்லிமீற்றர், உயரம் 40 மில்லிமீற்றர். மேலும் கீழும் தட்டை மூடி, மூடிக்கு நான்கு திருகாணி. நடு அச்சில் நெல் போட ஒரு ரெப்லோன் குழாய், வெளிவிட்டம் 12, உள்விட்டம் 10. கியூ என்பது உள்ளே விட்ட சக்தியைக் கவிற்றி எவ்வளவு வீணாக்காமல் வைத்திருக்கிறது என்று சொல்லும் எண்; அது கூடினால் பரிவு முனை கூராகும். கணினி மாதிரி கியூ 16,000 என்றது, அளந்தால் 1,900. மீடிறனும் 2,450 க்குப் பதிலாக 2,421 மெகாஹேர்ட்ஸ். "எங்கே பிழை விட்டோம், முதலிலிருந்து வடிவமைப்பதென்றால் எப்படி?" என்பது கேள்வி.

தம்பி, பிழையில் ஒரு பங்கு மாதிரியில், ஒரு பங்கு அளந்த விதத்தில், மிச்சம் முழுக்க மூடியில். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம்: நெல்லுக்கு 16,000 தேவையே இல்லை. ஒவ்வொன்றாக வருவோம்.

சொல் விசயம் ஒன்று. பரிவுக்குழி என்று எழுதினாலும் வாயில் வருவது கவிற்றிதான், அதனால் அப்படியே எழுதுகிறேன். மீடிறன், பரிவு, கணு எல்லாம் நாம் உயர்தரத்தில் படித்த சொற்கள்; தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்கள் அதிர்வெண், ஒத்ததிர்வு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மாதிரி. கணினியில் பொருள் செப்பு என்று கொடுத்துவிட்டு அலுமினியத்தில் கடைந்திருக்கிறீர்கள். உங்கள் கவிற்றியில் ஓடும் பரிவு டிஎம் 010, அதாவது மின்புலம் உருளையின் அச்சு வழியே நேராக நிற்கும் எளிய அலைக்கோலம். அதன் கியூவைக் காணக் கணினிகூட வேண்டாம்: இந்த மீடிறனில் மின்னோட்டம் உலோகத்தின் தோலில் மட்டும்தான் ஓடும்; ஆரையை அந்த மின்னோட்டம் புகும் ஆழத்தால் பிரியுங்கள், வருவதை, ஒன்றுடன் ஆரைக்கும் உயரத்துக்குமான விகிதத்தைக் கூட்டிப் பிரியுங்கள். செப்பில் 2.45 கிகாஹேர்ட்ஸில் அந்த ஆழம் 1.33 மைக்ரோன். 46.83 மில்லிமீற்றர் ஆரைக்கு 35,000 வரும், அதை 2.17 ஆல் பிரித்தால் 16,000. உங்கள் கணினி சொன்னது சரிதான். ஆனால் கடையில் வாங்கும் அலுமினியக் கலப்புலோகத்தின் கடத்துதிறன் செப்பின் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். அதற்குக் கணக்குப் போட்டால் பத்தாயிரத்துச் சொச்சம். ஆக 16,000 இலிருந்து ஆறாயிரம் பொருளிலேயே போய்விட்டது, அதில் யாருடைய கைப்பிழையும் இல்லை.

அடுத்து அளவீடு. நீங்கள் அனுப்பிய, கருவித் திரையின் படத்தில் பரிவு முனை −6 டெசிபெலில் நிற்கிறது. அப்படியென்றால் கேபிளிலிருந்து அலையை உள்ளே விடவும் வெளியே எடுக்கவும் வைத்த இரண்டு பக்கத்துக் கம்பி வளையங்களும் கவிற்றியை நன்றாகவே இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உள்ளே சுழலும் சக்தியின் ஒரு பங்கு சுவரில் அழியாமல் உங்கள் கேபிள்களுக்குள் போகிறது. நீங்கள் கண்டது சுமையேறிய கியூ. இரு வளையமும் ஒரே அளவென்றால் திருத்தம் சுலபம்: முனையின் வீச்சை ஒன்றிலிருந்து கழித்து, கண்ட கியூவை அதனால் பிரிக்க வேண்டும். −6 டெசிபெல் என்றால் வீச்சு அரை. எனவே 1,900 ஐ அரையால் பிரித்தால் 3,800. கவிற்றியின் சொந்தக் கியூ அதுதான். வளையங்களைச் சிறிதாக்கி முனை −30 டெசிபெலுக்குக் கீழே வரும்படி வைத்தால் இந்தத் திருத்தமே வேண்டியதில்லை, கண்டதுதான் கியூ. மீடிறனை மாற்றி மாற்றி அனுப்பி முனையை வரைந்து காட்டும் உங்கள் கையடக்கக் கருவி நானோவிஎன்ஏயில் இன்னொரு பொறி இருக்கிறது. 100 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை 101 புள்ளியில் வருடினால் புள்ளிக்குப் புள்ளி ஒரு மெகாஹேர்ட்ஸ். உங்கள் முனையின் அகலமே 1.3 தான். முனையைக் கண்டதும் அகலத்தை 5 மெகாஹேர்ட்ஸாகச் சுருக்கி ஒருக்கா மீண்டும் வருடுங்கள்.

மீடிறன் 29 மெகாஹேர்ட்ஸ் இறங்கியதற்குக் காரணம் ரெப்லோன் குழாய். டிஎம் 010 இல் மின்புலம் நடு அச்சில்தான் உச்சம், நீங்கள் குழாயைச் சரியாக அங்கேயே நட்டிருக்கிறீர்கள். ரெப்லோனின் மின்னுழைய மாறிலி, அதாவது வெற்றிடத்தைப் போல எத்தனை மடங்கு மின்சக்தியைத் தனக்குள் தேக்கும் என்ற எண், 2.1. குழாய்ச்சுவர் கவிற்றியின் கனவளவில் அரைச் சதவீதம்தான், ஆனாலும் அச்சில் நிற்பதால் அதன் பாதிப்பு கனவளவுப் பங்கைப் போல 1.855 மடங்கு. கணக்கிட்டால் 24, 25 மெகாஹேர்ட்ஸ் இறக்கம். மிச்சம் நான்குக்கு ஆரையில் 0.08 மில்லிமீற்றர் கூடியிருந்தால் போதும். இந்தப் பரிவில் ஆரை எத்தனை சதவீதம் கூடுகிறதோ மீடிறன் அத்தனை சதவீதம் குறையும், 0.1 மில்லிமீற்றருக்கு 5 மெகாஹேர்ட்ஸ் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் இடுக்கிமானியால் பார்த்துக் கடைந்த துளைக்கு 0.08 என்பது மரியாதையான வேலை. லேத்காரரைக் குறை சொல்லாதீர்கள்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன். 10,000 வர வேண்டிய இடத்தில் 3,800. அந்தப் பெரிய பங்கு எங்கே போனது?

கவிற்றி வடிவமைப்பு என்றால் பெரும்பாலும் சூத்திரத்தில் அளவு காண்பது என்று நினைக்கிறோம். அளவு காண ஐந்து நிமிடம் போதும். உருளைக்கு 114.74 ஐ கிகாஹேர்ட்ஸால் பிரித்தால் மில்லிமீற்றரில் ஆரை வந்துவிடும், இந்தப் பரிவுக்கு உயரம் கணக்கிலேயே வராது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்: சுவரின் உள்மேற்பரப்பில் மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார்ப்பது. மூட்டு எங்கே, துளை எங்கே, வளையம் எங்கே, எந்தத் திசையில் மினுக்குவது என்று கேட்கிற எல்லாவற்றுக்கும் அந்த அம்புக்குறிகளில் பதில் இருக்கும்.

உங்கள் கவிற்றியில் மின்னோட்டம் கீழ்மூடியின் நடுவிலிருந்து குடைக்கம்பி மாதிரி வெளிப்புறம் விரிந்து, மூலையில் திரும்பி, பக்கச்சுவரில் நேரே மேலேறி, மேல்மூடியில் மறுபடி நடுவுக்குக் கூடுகிறது. அரைச்சுற்றுக்கு ஒருமுறை திசை மாறும். மூடியும் சுவரும் தொடும் வட்டத்தை அந்த மின்னோட்டம் முழுவதும் குறுக்கே கடந்தாக வேண்டும். அதுவும் சும்மா கொஞ்சமாக இல்லை. மூடியில் ஓடும் உச்ச மின்னோட்டத்தின் 89 சதவீதம் அந்த விளிம்பில் ஓடுகிறது. அந்த இடத்தில் நீங்கள் வைத்திருப்பது நான்கு திருகாணி. திருகாணிக்குப் பக்கத்தில் உலோகம் உலோகத்தை இறுக்கித் தொடும். இரண்டுக்கும் நடுவில் மூடி மயிரிழை தூக்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. மின்னோட்டத்துக்குத் தெரியும், அது சுற்றி வளைத்துத் தொடும் இடம் தேடிப் போகும், போகும் வழியில் சூடாகி அழியும். அலுமினியமாக இருப்பதால் மேலே ஒட்சைட்டுப் படலம் வேறு.

நானும் இதில் அடிபட்டவன்தான். முதல் தடவை கவிற்றி செய்தபோது தூசி, ஈரம் போகக்கூடாது என்று மூடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இறப்பர் வளையம் வைத்தேன். தண்ணீர்ப் பம்பு கழற்றிப் பூட்டிய கைக்கு அது இயல்பாக வந்தது. கியூ சில நூறுக்கு மேல் போகவே மாட்டேன் என்றது. இரண்டு நாள் கேபிளைக் குறை சொன்னேன், பிறகு வளையத்தைக் கழற்றியதும் முனை திரையில் ஊசி மாதிரி எழுந்தது. இறப்பர் வேண்டுமென்றால் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் வைக்கலாம். உள்விளிம்பில் உலோகம்தான் உலோகத்தைத் தொட வேண்டும்.

எப்படிச் சரிசெய்வது? இருக்கிற இரண்டு மூட்டில் ஒன்றை இல்லாமல் செய்வதுதான் மலிவான வழி. உருளையையும் கீழ்மூடியையும் தனித்தனியே செய்யாமல், கட்டியான அலுமினியத்தில் தயிர்ச்சட்டி மாதிரி ஒரே துண்டாகக் கடையச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு மூட்டும் சமமாகக் கெட்டவை என்று வைத்தால், ஒன்றை நீக்கியதுமே 3,800 என்பது 5,600 ஆகும். மேல்மூடிக்கு நான்குக்குப் பதில் பன்னிரண்டு திருகாணி. மூடியின் தொடும் முகத்தை முழுத் தட்டையாக விடவும் வேண்டாம். உள்விளிம்பை ஒட்டி ஒரு மில்லிமீற்றர் அகல வரம்பு மட்டும் நிற்க, மிச்சத்தை அரைக்கால் மில்லிமீற்றர் இறக்கிக் கடைந்தால் இறுக்கம் எல்லாம் அந்த வரம்பில் விழும். வயல் வரம்பு மாதிரித்தான், அகலமாக இருந்தால் எங்கே கசிகிறதென்று தெரியாது. பூட்டுவதற்கு முன் கண்ணாடித் தட்டில் நைசான மண்கடதாசி விரித்து, வரம்பை அதன்மேல் எட்டு வடிவில் தேய்த்தெடுங்கள்.

பெரிய பட்டறைகளில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். மின்னோட்டத்துக்குக் குறுக்கே வெட்டாமல் அது போகும் வழியிலேயே வெட்டுவார்கள். பனங்கிழங்கை நெடுக்கே இரண்டாகக் கிழிப்போமே, அப்படி உருளையை அச்சு வழியாக இரண்டு பாதியாகப் பிளந்தால் மின்னோட்டம் வெட்டுக்கு இணையாகவே ஓடும், எங்கேயும் அதைக் கடக்காது. கொஞ்சம் இடைவெளி விட்டாலும் பெரிதாகப் பாதிக்காது. 10 கிகாஹேர்ட்ஸ் அலைவழிகாட்டி வடிகட்டிகளை, உள்ளளவு 22.86 க்கு 10.16 மில்லிமீற்றர் இருக்கும் அந்தச் செவ்வகக் குழாய்களை, அகலப்பக்கத்தின் நடுக்கோட்டில் பிளந்து செய்வதற்கும் காரணம் இதுதான். ஆனால் அதற்குக் கணினி ஓட்டும் மில்லிங் மெசின் வேண்டும். லேத்தோடு நிற்பவர்களுக்குச் சட்டிதான் சரி.

லேத் என்றதும் இன்னொன்று. கடைந்த மேற்பரப்பை நகத்தால் வருடிப் பாருங்கள், சுற்றுச் சுற்றாக மெல்லிய கோடு இருக்கும். உங்கள் கலப்புலோகத்தில் மின்னோட்டம் புகும் ஆழம் 2 மைக்ரோன். கோட்டின் ஆழம் அதைவிடக் கூடினால், நேரே மேலேறும் மின்னோட்டம் ஒவ்வொரு கோட்டிலும் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போக வேண்டும். மூடியிலும் அதே கதை, வட்டக் கோடுகளை ஆரைத் திசையில் கடக்கிறது. ஆகவே கடைசி மினுக்கலைச் சுற்றிச் சுற்றித் தேய்க்காதீர்கள். சுவரில் மேலும் கீழும், மூடியில் நடுவிலிருந்து வெளியே.

இதே உருளையில் டிஇ 011 என்று இன்னொரு பரிவு உண்டு. அதில் மின்னோட்டம் சுவரிலும் மூடியிலும் வட்டமாகவே சுற்றும், மூலையைக் கடப்பதே இல்லை. லேத் கோடுகள் அதற்கு வசதியான பாதை, மூடி தளர்ந்திருந்தாலும் கவலையில்லை. அதனால்தான் பழைய அலைமானிகளில் மூடியைச் சுவரில் தொடாத தண்டாக வைத்துத் திருகி ஏற்றி இறக்க முடிந்தது. செப்பில் விட்டமும் உயரமும் சமமாக எடுத்தால் 2.45 இல் 60,000 கியூ வரை கணக்கில் வரும். விலை என்னவென்றால் விட்டம் 161 மில்லிமீற்றர். அத்தனை பெரிய அலுமினியக் கட்டி அம்பாறையில் எங்கே தேடுவீர்கள்?

வெள்ளி பூசலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நகைக்கடைப் பூச்சு வேண்டாம். அழகுக்குப் பூசுவது பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் குறைவு, மின்னோட்டத்தின் பெரும்பங்கு அடியிலுள்ள உலோகத்திலேயே ஓடும். அடியில் நிக்கல் பூசியிருந்தால் இன்னும் மோசம், நிக்கல் காந்தத்தன்மை உள்ளது. வெள்ளி என்றால் ஐந்து மைக்ரோனாவது வேண்டும். தங்கம் என்று யாராவது சொன்னால் காசை வீணாக்காதீர்கள், தங்கத்தின் கடத்துதிறன் செப்பை விடக் குறைவு.

சரி, இவ்வளவும் சொன்னேன். உங்கள் நெல்லுக்கு இது தேவையா?

அரசு நெல் வாங்கும் ஈரப்பத எல்லை 14 சதவீதம். படுவான்கரையில் இன்றும் வியாபாரி ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, "ஈரம் கா" என்று சொல்லி விலையைக் குறைப்பதைப் பார்க்கலாம். உங்கள் திட்டத்துக்குப் பின்னால் அந்தக் கடிதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல எண்ணம். 2.45 கிகாஹேர்ட்ஸில் தண்ணீரின் மின்னுழைய மாறிலி 77 அளவில். காய்ந்த அரிசியில் அது மிகச் சிறியது. அதனால்தான் இந்த முறை வேலை செய்கிறது. ஆனால் தண்ணீர் மீடிறனை இறக்குவதோடு நிற்காது, சக்தியையும் விழுங்கும். 10 மில்லிமீற்றர் குழாய் நிறைய நெல் போட்டால், மின்னுழைய மாறிலி 2.5 என்று வைத்தாலும் முனை 75 மெகாஹேர்ட்ஸ் அளவில் கீழே போகும், கியூ நூறு என்ற மட்டத்துக்கு வந்துவிடும். சுவர் 3,800 ஆக இருந்தாலும் 10,000 ஆக இருந்தாலும் அந்த நூறில் பெரிய வித்தியாசம் தெரியாது. சக்தியை விழுங்குவது நெல். சுவர் விழுங்குவது அதற்கு முன்னால் சில்லறை.

அப்படியென்றால் ஏன் மூடியைப் பற்றி இவ்வளவு எழுதினேன்? கெட்ட மூட்டு கியூவைக் குறைப்பதோடு நிற்பதில்லை, நிலையாகவும் இராது. இன்று கழற்றிப் பூட்டினால் ஒரு மீடிறன், நாளைக்கு இன்னொன்று. உங்களுக்குத் தேவை உயர்ந்த கியூ இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைச் சொல்லும் கவிற்றி. 2,421 என்பதையும் 2,450 க்கு இழுத்து வரப் பாடுபடாதீர்கள். உங்கள் விஎன்ஏ எந்த மீடிறனிலும் அளக்கும். வருடலைக் கீழே 2,300 வரை விட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வெற்றுக் குழாயோடு ஒருமுறை, நெல்லோடு ஒருமுறை, இரண்டின் வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது. ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் வெற்றுக் குழாயை அளந்தால் வெயிலும் காற்றும் செய்யும் சேட்டை பெரும்பாலும் கழிந்துவிடும்.

அந்தச் சேட்டை எவ்வளவு என்று கேட்டால்: அலுமினியம் பாகை ஒன்றுக்கு பத்து இலட்சத்தில் 23 பங்கு விரியும், உங்கள் மீடிறனில் அது 56 கிலோஹேர்ட்ஸ். காலைக்கும் உச்சிக்கும் பத்துப் பாகை என்றால் அரை மெகாஹேர்ட்ஸ். காற்றின் ஈரத்தைப் பலரும் மறந்துவிடுவார்கள். 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, முற்றிலும் உலர்ந்த காற்றோடு பார்க்கையில் மீடிறனை பத்து இலட்சத்தில் 140 பங்கு அளவில் இறக்கும், 2.45 இல் அது 0.34 மெகாஹேர்ட்ஸ். கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும் ஆடியிலும் வாடையில் சுவர் வியர்க்கும் மார்கழியிலும் ஒரே கவிற்றி ஒரே இடத்தில் நிற்காததற்கு இதுவும் காரணம். 1950 இல் லூயிஸ் எசன் உருளைக் கவிற்றி ஒன்றை வைத்து ஒளியின் வேகத்தைச் செக்கனுக்கு 299,792.5 கிலோமீற்றர் என்று கண்டார். இன்று ஏற்கப்பட்ட எண் 299,792.458. அவர் உள்ளேயிருந்த காற்றை இறைத்து எடுத்துவிட்டுத்தான் அளந்தார். உங்கள் வேலைக்கு அந்தப் பாடு வேண்டாம், நெல் தரும் அசைவு இதைவிட நூறு மடங்குக்கு மேல்.

நெல்லைக் குழாயில் எப்படிக் கொட்டுகிறீர்கள் என்பதுதான் பெரிய தொல்லை. ஒருமுறை தட்டிக் கொட்டினால் அதிக நெல் போகும், முனை அதிகம் இறங்கும், கருவி "ஈரம் அதிகம்" என்று பொய் சொல்லும். இதற்கு வழி இருக்கிறது. மீடிறன் இறங்கிய அளவையும் முனை அகன்ற அளவையும் இரண்டையும் எடுத்து விகிதம் பாருங்கள். நெல்லின் அளவு கூடினால் இரண்டும் சேர்ந்து கூடும், விகிதம் பெரிதாக அசையாது. ஈரம் மாறினால் விகிதம் மாறும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் ஸ்ருவட் நெல்சனும் க்ரஷெவ்ஸ்கியும் தானியங்களில் இந்த வழியில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள், அவர்களின் கட்டுரைகளைத் தேடி வாசியுங்கள். புத்தகச் சூத்திரத்தில் மின்னுழைய மாறிலியைக் கண்டு அதிலிருந்து ஈரத்தைக் காண முயலாதீர்கள். அந்தச் சூத்திரம் சிறிய மாதிரிக்கு. ஐந்தாறு விதமான ஈரத்தில் நெல் எடுத்து, அடுப்பில் உலர்த்தி நிறுத்து உண்மையான ஈரத்தைக் கண்டு, உங்கள் விகிதத்தோடு நேரே ஒரு வரைபு போடுங்கள்.

மூடியிலுள்ள 12 மில்லிமீற்றர் துளைகள் பற்றி. அவை திறந்தபடி இருந்தாலும் 2.45 கிகாஹேர்ட்ஸ் அவ்வளவு சிறிய குழாயில் ஓட முடியாது, உள்ளே நுழைந்ததும் தேயும். ஆனால் மூடி 3 மில்லிமீற்றர் தகடென்றால் தேய்ந்து முடிவதற்குள் வெளியே வந்துவிடும், கைபட்டால் முனை நகரும், பக்கத்து வைஃபையும் உள்ளே எட்டிப் பார்க்கும். துளைமேல் 15 மில்லிமீற்றர் உயரத்துக்கு உலோகப் புகைபோக்கி ஒன்று வையுங்கள், 40 டெசிபெல் அளவில் அடங்கிவிடும். நெல் நிரம்பிய குழாய்க்கு இது சற்றுக் குறையும், இன்னும் ஐந்து மில்லிமீற்றர் கூட்டினாலும் நட்டமில்லை.

வளையங்களைப் பக்கச்சுவரில் வைத்திருக்கிறீர்கள், சரி. காந்தப்புலம் சுவரை ஒட்டிச் சுற்றி ஓடுகிறது, வளையத்தின் வாய் அதைப் பார்த்து நிற்க வேண்டும், அதாவது வளையம் நட்டுக்குத்தாக. வளையம் பூட்டிய எஸ்எம்ஏ கேபிள் இணைப்பியை மெதுவாகத் திருப்பினால் வாய் விலகும், பிணைப்பு குறையும். வளையத்தை வெட்டிக் குட்டையாக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

உயரம் 40 எடுத்தது நல்ல முடிவு, காரணம் தெரிந்து எடுத்தீர்களோ தெரியாது. நான் முதன்முதலில் பரிவு பார்த்தது ஒரு பால்மா ரின்னில். விட்டம் 99, உயரம் 120. கணக்குப்படி 2.318 கிகாஹேர்ட்ஸில் முனை வர வேண்டும். வந்தது, ஆனால் அதற்குக் கீழே 2.17 இல் இன்னொன்று, அதுவும் ஒட்டிப் பிறந்த மாதிரி இரட்டையாக. அது டிஇ 111. உருளையின் உயரம் ஆரையைப் போல 2.03 மடங்கைத் தாண்டினால் அதுதான் முதலில் வரும், மின்புலம் இரண்டு திசையில் நிற்கலாம் என்பதால் ஒரே மீடிறனில் இரண்டு பரிவு. ரின்னில் ஒரு பக்கம் நெளிவு இருந்ததால் இரண்டும் பிரிந்து தெரிந்தன. பிறகு வளையத்தை எடுத்துவிட்டு மூடியின் நடுவில் ஒரு சிறு கம்பியை நட்டேன், இரட்டை மறைந்தது. டிஇ 111 க்கு அந்த அச்சுத் திசையில் மின்புலமே இல்லை. ரின்னும் ஒரு அங்குலக் கம்பியும் சொல்லித் தந்த அளவு விளக்கமாகப் படம் சொல்லித் தராது. உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மக்னெற்றோனை மட்டும் கழற்றி ஓட்ட நினைக்காதீர்கள், அதன் மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். உங்களுக்கு மில்லிவாற்று போதும்.

கியூ உண்மையாகவே முக்கியமாகும் இடம் வடிகட்டி. கைப்பேசிக் கோபுரத்தில் அனுப்பும் அலையையும் வாங்கும் அலையையும் பிரிக்கும் பெட்டிக்குள் வரிசையாகக் கவிற்றிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குட்டைத் தூண், தூணின் தலைக்கு நேரே மூடியில் ஒரு திருகாணி. தூணின் தலையில் மின்புலம் பலம், அங்கே உலோகத்தை நெருக்கினால் மீடிறன் இறங்கும். காந்தப்புலம் பலமான இடத்தில் நெருக்கினால் ஏறும். இது ஸ்லேற்றரின் விதி, உங்கள் கவிற்றிக்கும் பொருந்தும்: மூடியின் நடுப்பக்கமாகத் திருகாணி விட்டால் இறங்கும், பக்கச்சுவரில் விட்டால் ஏறும்.

அப்படி ஒரு பெட்டி, கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் நின்ற கோபுரத்தில், வாங்கும் பக்கம் இரைச்சல் என்று இறக்கப்பட்டது. வெளியே ஒரு கீறல் இல்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளி பளபளத்தது, ஒரு மூலையில் மட்டும் விரல் அகலத்துக்குக் கறுப்பு. அந்த மூலையில் இரண்டு திருகாணி இல்லை. உப்புக்காற்று அந்த இடுக்கால் போய் மூட்டை அரித்திருந்தது. அரித்த மூட்டு இருவாயி (டயோட்) மாதிரி நடந்து, அனுப்பும் இரண்டு மீடிறன்களையும் கலந்து மூன்றாவதாக ஒன்றைப் பெற்று வாங்கும் பக்கத்தில் போட்டிருந்தது. அந்தப் பெட்டியை அதற்கு முந்திய வருடம் திறந்து மூடியவன் நான்தான். நாற்பது சொச்சம் திருகாணியில் இரண்டு கீழே விழுந்து புல்லில் தொலைந்தன, மிச்சம் இத்தனை இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

மறுகா, சட்டி கடைந்து வந்ததும் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரெப்லோன் குழாய், நெல் ஒன்றும் வேண்டாம். திருகாணிகளை எதிரெதிராக, கார்ச் சில்லுக்கு நட்டு இறுக்குவது போல இறுக்குங்கள். விஎன்ஏயில் முனையை 5 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் வைத்துக்கொண்டு, மூடியின் விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் ஒவ்வொரு இடமாக அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது முனை உயர்ந்து ஒடுங்குகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பதின்மூன்றாவது திருகாணியைத் துளையுங்கள்.